உறுமாத நாய்

அத்தியாயம் 9

ராத்திரி வேலைக்குப் போகிறவரின் வீட்டில் காலை என்பது அடங்குகிற நேரம். மற்ற வீடுகளில் பாத்திரம் உருளும், ரேடியோ பாடும், பிள்ளைகளை எழுப்பக் குரல் உயரும். இந்த வீட்டில் மட்டும் ஒவ்வொரு சத்தமாக உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளும்.

நாற்காலிக் கால்களுக்குப் பழைய காலுறைகளை மாட்டியிருந்தார்கள். வாசல் மணியின் ஒயரைப் பிடுங்கிப் பல காலமாகிவிட்டது. குழாயின் வாயில் ஒரு துணிப்பட்டை தொங்கும். தண்ணீர் அதன் வழியே சத்தமில்லாமல் இறங்கும். அவர் மனைவி பெரியவள் தன் தையல் மெஷினைத் தொடுவது அவர் எழுந்த பிறகுதான். அதுவரை திரைச்சீலைத் துணிகளை அளப்பாள், வெட்டுவாள், குண்டூசி குத்துவாள். அந்த வீட்டில் கத்தரிக்கோல்கூட வாய்க்குள்ளேயே பேசும்.

அப்படிப்பட்ட வீட்டில் போன வாரம் ஓர் அலறல் கேட்டது.

அலறியது சின்னவள், பெரியவளின் தங்கை. மருந்துக் கடையில் வேலை. நடக்கத் தொடங்கியிருக்கும் குழந்தையோடு மாசக் கடைசியில் இங்கே வந்து தங்குவதாக ஏற்பாடு. "புது வேலைக்கு இங்கேர்ந்து பக்கம்க்கா" என்றாள். உன் வீட்டுக்காரர் வரலையா என்று பெரியவள் கேட்டதற்கு, "அவர் அங்கேயே இருப்பார்" என்றாள். யாரும் மேலே கேட்கவில்லை. இந்த வீட்டில் யாரும் எதையும் மேலே கேட்பதில்லை.

அறையைப் பார்க்க வந்தவள், சோபாவில் படுத்திருந்த நாயை, "நகருடா துரை" என்று இடுப்பில் கை கொடுத்துத் தள்ளினாள். கண் மூடித் திறப்பதற்குள் மணிக்கட்டில் பல் இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரி, ஊசி, கட்டு.

நாயின் பெயர் சாது. வைத்தவர் பெரியவளின் கணவர்தான். குட்டியிலிருந்தே குரைத்தறியாத நாய்க்கு வேறு என்ன பெயர் பொருந்தும்? சாது மிரண்டால் காடு கொள்ளாது என்று பக்கத்து வீடுகளில் அன்றைக்கே சொல்லிச் சிரித்தாயிற்று. பெரியவளுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அன்றிலிருந்து அவள் நாயைப் பார்க்கும்போதெல்லாம் நாய் அவளை ஏதோ கேட்பதுபோல இருந்தது. என்ன கேட்கிறது என்றுதான் தெரியவில்லை.

இன்று அந்தக் கேள்விக்குக் கெடு.

"சாதுவைக் கூட்டிட்டுப் போக மரக் கிடங்குக்காரர் சாயந்திரம் வர்றார்" என்றார் கணவர், சட்டையைக் கழற்றிக்கொண்டே. தொழிற்சாலையின் ரொட்டி வாசனை அவரோடு வீட்டுக்குள் வந்திருந்தது. சாது அவர் காலடியில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தது. அவர் பையிலிருந்து ரொட்டியின் ஓரத்துண்டை எடுத்துக் கொடுத்தார். தினமும் கொடுப்பதுதான். இன்று கொடுத்த பிறகும் கை உடனே திரும்பவில்லை.

"கிடங்குல கட்டித்தான போடுவாங்க?"

"காவலுக்கு வெச்சா கட்டித்தான் போடுவாங்க. சோறு ஒழுங்கா கிடைக்கும்."

"சங்கிலியிலயா?"

"பின்ன, பட்டு நூல்லயா? எனக்கு மட்டும் ஆசையா? குழந்தை வரப்போவுது. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா உன் தங்கச்சி முகத்துல எப்படி முழிப்பே?"

அவர் சொல்வதில் ஓட்டை இல்லை என்பதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. ஓட்டை இருந்தால் சண்டை போடலாம்.

"நாய் டீச்சர் இன்னிக்கு வர்றாங்க. அவங்க பார்த்துட்டுச் சொல்லட்டும்."

"சொல்லட்டும். ஆனா நான் வாக்கு குடுத்தாச்சு." அவர் அறைக்குள் போனார். கதவு சாத்தும் சத்தம் கேட்கவில்லை. அந்தக் கதவின் ஓரத்திலும் பெரியவள் துணி வைத்துத் தைத்திருந்தாள்.

*

நாய் டீச்சர் என்பது மிருக வைத்தியரின் ஆட்கள் வைத்த பெயர். மழலைப் பள்ளியில் இருந்தவளாம். குழந்தைகளை விட்டுவிட்டு நாய்களுக்குப் பழக்கம் சொல்லிக்கொடுக்க வந்தவள். சாதுவின் உடம்பில் வலியோ நோயோ இல்லை என்று பார்த்துச் சொன்ன வைத்தியர்தான் அவளிடம் அனுப்பியிருந்தார். வாசலில் சின்னவளும் அவளும் ஒரே நேரத்தில் வந்து நின்றார்கள். ஒருத்தி கையில் கட்டு, இன்னொருத்தி கையில் வேகவைத்த கோழித்துண்டுகள் போட்ட டப்பா.

பெரியவள் உதட்டில் விரல் வைத்தபடியே இருவரையும் உள்ளே அழைத்தாள்.

டீச்சர் நாயை அழைக்கவில்லை, பார்க்கவும் இல்லை. கூடத்தின் ஓரமாகத் தரையில், நாய்க்குப் பக்கவாட்டைக் காட்டி உட்கார்ந்தாள். சும்மா உட்கார்ந்தாள். சுவரில் வெயில் ஒரு படத்தின் ஓரத்தைத் தொட்டு, ஏறி, தாண்டிப் போனது. சாது சோபாவின் பின்னாலிருந்து மூக்கை நீட்டியது, இழுத்துக்கொண்டது, மறுபடி நீட்டியது.

சின்னவள் அக்காவின் காதருகே குனிந்தாள். "இதைத்தான் நானும் ஞாயித்துக்கிழமை முழுக்க வீட்ல பண்றேன். என்னை யாரும் டீச்சர்னு கூப்பிடலை."

"ஷ்."

நாய் டீச்சர் தலையைத் திருப்பினாள். "ஏன் எல்லாரும் ரகசியமாவே பேசறீங்க? யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"அவர் உள்ள தூங்கறார். ராத்திரி வேலை" என்றாள் பெரியவள், உதடு மட்டும் அசைய.

"தினமுமா?"

"கல்யாணம் ஆனதுலேர்ந்து."

"நாய் குரைக்காதா அப்ப?"

"குரைக்காது."

"உறுமும்ல?"

"சே சே." பெரியவளின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. இத்தனை வருஷமாக வருகிறவர்கள் எல்லோரிடமும் சொல்லி மகிழ்ந்த விஷயம். "உறுமவே உறுமாது. அவ்வளவு நல்ல நாய்."

டீச்சர் சிரிக்கவில்லை. "கடிச்ச அன்னிக்கும் உறுமலையா?"

"இல்லவே இல்லை" என்றாள் சின்னவள். "அதான் பயமே. ஒரு வார்த்தை சொல்லாம, பட்டுனு."

"குட்டியா இருந்தப்பவும் உறுமினதில்லையா அக்கா? யோசிச்சுச் சொல்லுங்க."

பெரியவள் யோசித்தாள். அவளுக்கு யோசிப்பதற்கு நேரம் வேண்டும். வெட்டுவதற்கு முன் துணியைத் தடவிப் பார்க்கிற மாதிரி. டீச்சர் அவசரப்படுத்தவில்லை.

உறுமியிருக்கிறது. மழையில் நனைந்து வந்தபோது பாதம் துடைக்கப் போனால் உறுமும். தூங்கும்போது தூக்கினால் உறுமும். தெரியாத ஆள் மேலே குனிந்தால் உறுமும். சின்னக் குட்டியின் சின்ன உறுமல், மூடி போட்ட பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கத் தொடங்குகிற மாதிரி. உள்ளே அவர் தூங்கிக்கொண்டிருப்பார். அவள் ஓடிப்போய் ஒரு கையால் அதன் வாயைப் பொத்துவாள், மறு கையின் விரலைத் தன் உதட்டில் வைப்பாள். ஷ். அடங்கும்வரை பொத்தியிருப்பாள். அடங்கினால் ஒரு பிஸ்கெட். கொஞ்ச மாதங்களில் உறுமல் நின்றுபோனது. கணவர்கூட ஒருநாள், "என்ன மாயம் பண்ணினே?" என்று கேட்டார். அன்றைக்கு அவளுக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது.

"நான் அடிச்சதே இல்லை" என்றாள், எல்லாவற்றையும் சொல்லிவிட்டு.

"தெரியுதுக்கா. அடிபட்ட நாய் உங்க பின்னாலயே இப்படிச் சுத்தாது." டீச்சர் ஒரு கோழித்துண்டைத் தரையில் உருட்டிவிட்டாள். "உறுமறதுன்னா திமிருன்னு நாம நினைக்கறோம். அது ஒரு சொல்லுக்கா. 'எனக்குப் பிடிக்கலை, கொஞ்சம் தள்ளிப் போ'ன்னு மரியாதையா சொல்ற சொல். நீங்க அந்தச் சொல்லை எடுத்துட்டீங்க. பிடிக்காதது அப்படியே உள்ளதான் இருக்கு."

சாது வந்து துண்டை எடுத்துக்கொண்டு பின்வாங்கியது.

பெரியவள் தன் வலது உள்ளங்கையைப் பார்த்தாள். எத்தனை தடவை அந்தச் சின்ன மூக்கு இதற்குள் வெதுவெதுவென்று அடங்கியிருக்கும். அதை அன்பு என்றே நினைத்திருந்தாள். அன்புதான். அதில்தான் தப்பும் இருந்தது.

"ஆக மொத்தம்" என்றாள் சின்னவள், கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டி, "கடிச்சது நாயோட தப்பு இல்லை. கடிபட்டது என் தப்பு. அப்படித்தானே டீச்சர்?"

"அப்படி யாரு சொன்னா? கடி கடிதான். உங்க இடத்துல நான் இருந்தாலும் பயந்திருப்பேன்." டீச்சர் அவளைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தாள். "அன்னிக்கு நீங்க கிட்ட போனப்ப அது எங்க பார்த்துச்சு?"

"சுவத்தைப் பார்த்துச்சு. கொழுப்பைப் பாரு, மதிக்க மாட்டேங்குதேன்னு நினைச்சேன்."

"நாக்கால மூக்கை நக்குச்சா?"

சின்னவள் புருவத்தைச் சுருக்கினாள். "ஆமா. பசிபோலன்னு நினைச்சேன்."

"உடம்பு?"

"அசையவே இல்லை. மரக்கட்டை மாதிரி கிடந்துச்சு. அதனாலதானே தைரியமா தள்ளினேன்."

"மூணு தடவை சொல்லியிருக்கு" என்றாள் டீச்சர். "தெரிஞ்ச பாஷை போயிடுச்சு, மிச்சம் இருந்ததுல சொல்லியிருக்கு. நமக்குத்தான் கேட்கலை."

சமையலறைக் குழாயில் துணிப்பட்டை வழியே தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. யாரோ சரியாக மூடவில்லை.

"திரும்ப வருமா?" என்றாள் பெரியவள். "உறுமல்?"

"சில நாய்க்கு வரும். சிலதுக்கு வராது. நான் உங்களுக்கு வாக்கு தரமாட்டேன். அதுக்கு நம்பிக்கை வரணும், சொன்னா கேட்பாங்கன்னு. பாயை ஒரு மூலையில போடுங்க. அங்க அது படுத்திருந்தா யாரும் தொடக் கூடாது, தாண்டக் கூடாது, கொஞ்சவும் கூடாது. நகர்த்தணும்னா தள்ளாதீங்க, தள்ளி நின்னு கூப்பிடுங்க. வந்தா ஏதாவது குடுங்க. முகத்தைத் திருப்பினாலே கையை எடுத்துடுங்க. என்னிக்காவது உறுமினா..."

"உறுமினா?"

"சந்தோஷப்படுங்க. உடனே விலகுங்க."

"அப்ப என் குழந்தை?" சின்னவளின் குரல் அந்த வீட்டின் அளவைத் தாண்டியது. "அது தத்தக்கா பித்தக்கான்னு நடக்குது. வாலைப் பிடிக்கும், மேல விழும். மூஞ்சைத் திருப்புது, மூக்கை நக்குதுன்னு பார்த்துத் தள்ளி நிக்க அதுக்குத் தெரியுமா?"

"தெரியாது. அதனால அறை வாசல்ல தடுப்புக் கதவு இல்லாம குழந்தை இந்த வீட்டுக்குள்ள வரவே கூடாது. பெரியவங்க கண்ணு முன்னால இல்லாம ரெண்டும் ஒரே அறையில இருக்கவே கூடாது. இதை நான் சமாதானத்துக்குச் சொல்லலை." டீச்சர் பெரியவளிடம் திரும்பினாள். "இவங்க பயம் சரியான பயம்க்கா. அதுக்கும் வாயைப் பொத்திடாதீங்க."

அறைக் கதவு திறந்திருப்பதை அப்போதுதான் பார்த்தார்கள். கணவர் நின்றிருந்தார். தலைமுடி ஒரு பக்கமாக நிமிர்ந்திருந்தது. எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ.

"எழுப்பிட்டோமா?" பெரியவள் பதறி எழுந்தாள்.

அவர் கையமர்த்தினார். கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். நாற்காலிக் கால்கள், துணி தைத்த கதவு, கண்ணாடிப் பாத்திரங்களுக்கு நடுவே செருகிய காகிதங்கள். தினமும் பார்ப்பவைதான். ஆனாலும் வாடகைக்கு வீடு பார்க்க வந்தவர்போல ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"நான் எப்பவாவது அதோட வாயைப் பொத்தச் சொன்னேனா?"

"இல்லை."

"மெஷினை ஓட்டாதேன்னு சொன்னேனா? மணியைப் பிடுங்கச் சொன்னேனா?"

"நீங்க ஒண்ணும் சொல்லலை. நீங்க சொல்லாததையெல்லாம் சேர்த்துத்தான் நான் செஞ்சேன்."

அதைச் சொல்லும்போது அவள் குரலில் கோபமில்லை. அதனால்தானோ என்னவோ அவர் சுவரோரமாக உட்கார்ந்துவிட்டார். சாது நிதானமாக எழுந்து போய் அவருக்கு ஒரு முழம் தள்ளிப் படுத்தது. அவர் வழக்கம்போல அதன் கழுத்தில் கை வைக்கப் போனார். நாய் முகத்தை லேசாகத் திருப்பியது.

அவர் கை பாதியில் நின்றது. திரும்பியது.

"இத்தனை நாளா இப்படித்தான் திருப்பிச்சா?" என்றார், யாரையும் பார்க்காமல்.

*

டீச்சர் போவதற்கு முன் சின்னவளுக்கு ஒரு வேலை கொடுத்தாள். அவள் மறுத்தாள், முணுமுணுத்தாள், கடைசியில் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு நாய்க்குப் பக்கவாட்டில் உட்கார்ந்தாள். துண்டை நாய்க்கு முன்னால் போடக் கூடாது, அதற்குப் பின்னால் தூரமாகப் போட வேண்டும்.

"கிட்ட வரத்தானே பழக்கணும்?"

"விலகிப் போகவும் விடணும். போனா தடுக்க மாட்டாங்கன்னு தெரிஞ்சாத்தான் தைரியமா வரும்."

டீச்சர் போன பிறகும் சின்னவள் எழுந்திருக்கவில்லை. துண்டைப் போடுவாள், நாய் போய் எடுக்கும், கொஞ்ச நேரம் அங்கேயே நிற்கும், ஓர் அடி கூடுதலாக நெருங்கி வந்து உட்காரும். அவள் மறுபடி தூரப் போடுவாள். பெரியவள் எதிரே துணியில் குண்டூசி குத்திக்கொண்டிருந்தாள். கணவர் படுக்கப் போகவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று பேர் இருக்கும் அறையில் மூன்று விதமான மௌனம் இருந்தது. பெரியவளுக்கு மௌனங்களைப் பிரித்துப் பார்க்கத் தெரியும் என்ற எண்ணம் இருந்தது. இன்று அந்த எண்ணம் கொஞ்சம் ஆடியது.

மதியம் சாய்ந்தபோது சாது சின்னவளின் முழங்கால்வரை வந்துவிட்டது. அவள் தன் நல்ல கையை மெல்ல நீட்டினாள். நாய் மூக்கை நக்கிக்கொண்டு சுவரைப் பார்த்தது. அவள் கையை உடனே மடியில் வைத்துக்கொண்டாள்.

"சரிடா. வேணாம்னா வேணாம்" என்றாள் நாயிடம். பிறகு அக்காவைப் பார்க்காமல், "நானும் இப்படித்தான்க்கா, சுவத்தைப் பார்த்துக்குவேன்" என்றாள்.

பெரியவளின் ஊசி நின்றது.

சின்னவள் அடுத்த துண்டை எடுத்துப் போட்டாள். கேட்கலாமா? கேட்டால் அழுவாளோ? இவர் வேறு இங்கேயே இருக்கிறாரே. பெரியவள் இப்படி ஒவ்வொரு காரணமாக எண்ணிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த நேரம் கடந்துவிட்டது.

*

மரக் கிடங்குக்காரர் சாயங்காலம் வந்தார். வாசலிலேயே சத்தம் போட்டுச் சிரிக்கிற மனிதர். சட்டையில் மரத்தூள், கையில் புதுச் சங்கிலி.

"அண்ணே! எங்க நம்ம வேட்டைக்காரன்? கடிச்சான்னு கேட்டதும் எங்க கிடங்குல ஒரே சந்தோஷம். இருக்கற ஒரு நாய் திருடனைப் பார்த்தா வாலாட்டுது, வழிகாட்டுது!"

கணவர் எழுந்தார். "உட்காருங்க. ஒரு விஷயம் பேசணும்."

"பேசலாம், பேசலாம்." அவர் அதற்குள் கூடத்து மூலைக்குப் போய்விட்டார். அங்கே போட்டிருந்த பாயில் சாது படுத்திருந்தது. "இதா? பூனைக்குட்டி மாதிரி இருக்கே!" என்று மேலே குனிந்தார்.

"அங்க போகாதீங்க" என்றாள் பெரியவள். ஆனால் அந்த வீட்டின் குரலில் சொன்னாள். அவருடைய சிரிப்பைத் தாண்டி அது போகவில்லை.

நாய் சுவரைப் பார்த்தது. நாக்கு ஒருமுறை மூக்கைத் தொட்டது. உடம்பு விறைத்தது. சின்னவள், "அக்கா" என்றாள். கிடங்குக்காரர் கழுத்துப் பட்டையைப் பிடித்துவிட்டார்.

அப்போது அது கேட்டது.

முதலில் யாருக்கும் என்ன சத்தம் என்றே பிடிபடவில்லை. எங்கோ அடியில், தொண்டைக்கும் கீழே, துருப்பிடித்த ஏதோ ஒன்று ஒரு தரம் நகர்ந்து நின்றது. பிறகு மறுபடி நகர்ந்தது. உதடு தூக்கவில்லை, பல் காட்டவில்லை. ஆனால் உறுமல். சந்தேகமில்லாமல் உறுமல்.

பெரியவளின் வலது கை தானாகவே பொத்துவதற்கு எழுந்தது. அதைத் தானே பார்த்தாள். அந்தக் கையால் கிடங்குக்காரரின் தோளைப் பிடித்தாள்.

"கையை எடுங்க!"

அவ்வளவு சத்தமாக அவள் பேசி அந்தச் சுவர்கள் கேட்டதில்லை. கிடங்குக்காரர் பட்டையை விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"பின்னால வாங்க. இன்னும் கொஞ்சம். அவ்வளவுதான்." பிறகு நாயைப் பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. "கேட்டுச்சுடா. கேட்டுச்சு."

சாதுவின் உடம்பு தளர சற்று நேரம் பிடித்தது. உறுமினதற்கு என்ன வரும் என்று அது காத்திருந்ததுபோல் தோன்றியது. ஒன்றும் வரவில்லை. எதிரே இடம் மட்டும் காலியானது. ஒரு பெருமூச்சு விட்டு முகவாயைப் பாயில் வைத்தது.

"அடி சக்கை!" கிடங்குக்காரர் தொடையைத் தட்டினார். "இதைத்தான் தேடிட்டு இருந்தேன். உறுமற நாய்தான் அண்ணே எனக்கு வேணும்!"

கணவர் நாயைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். வாக்கு கொடுத்துவிட்டு மாற்றுகிற பழக்கம் அவருக்கு இல்லை. கழுத்தைத் தடவிக்கொண்டார்.

"எங்களுக்கும் அதான் வேணும்" என்றார்.

"என்னண்ணே இது? காலையில வரை..."

"காலையில அது உறுமலை. வாக்கு தவறிட்டேன், மன்னிச்சுக்குங்க. வீண் அலைச்சல் ஆயிடுச்சு உங்களுக்கு."

கிடங்குக்காரர் சங்கிலியைச் சுருட்டினார். "நல்ல குடும்பம்யா. மத்தவங்க உறுமினா விரட்டுவாங்க, இவங்க உறுமினதும் வெச்சுக்கறாங்க" என்று படியிறங்கும்போது அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டது எல்லோருக்கும் கேட்டது. கோபமா சிரிப்பா என்று பிரிக்க முடியவில்லை.

கணவர் சின்னவளிடம் திரும்பினார். இதுதான் கஷ்டமான பகுதி என்று அவருக்குத் தெரிந்திருந்தது. "சின்னவளே, நான் பாட்டுக்கு முடிவு பண்ணிட்டேன். உனக்கு மனசு ஒப்பலைன்னா சொல்லு. பக்கத்துத் தெருவுல உனக்கு வீடு பார்த்துத் தர்றேன். தடுப்பு, கதவு எல்லாம் போட்டாலும் பயம் பயம்தானே."

"பயமாத்தான் இருக்கு மாமா." அவள் கட்டின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். "ஆனா சொல்ற நாயோட இருந்துடலாம்னு தோணுது. தடுப்பு எப்ப போடுவீங்க?"

"மாசக் கடைசிக்குள்ள..."

"இன்னிக்குப் போட முடியுமா?"

அவர் மனைவியைப் பார்த்தார்.

"குழந்தை காப்பகத்துல இருக்கா" என்றாள் சின்னவள். "அவங்க மூடறதுக்குள்ள போய்க் கூட்டிட்டு வரணும். வீட்டுக்குப் போகாம நேரா இங்க வந்துடலாமான்னு..." பேச்சு தேய்ந்துபோனது. "துணியெல்லாம் கொஞ்சம் எடுத்து வெச்சுட்டேன். கடையில இருக்கு. காலையிலேயே கொண்டுபோய் வெச்சுட்டேன்."

ரொட்டித் தொழிற்சாலைக்குக் கிளம்ப வேண்டிய நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. கணவர் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். இத்தனை வருஷத்தில் அவர் லீவு கேட்ட குரலைப் பெரியவள் கேட்டதில்லை. கொஞ்சம் திக்கித்தான் கேட்டார். பிறகு பின்கட்டில் பலகைகளைப் புரட்டும் சத்தம் வந்தது. சுத்தியல் விழுந்தது. யாரும் 'மெதுவா' என்று சொல்லவில்லை.

அக்காவும் தங்கையும் கூடத்தில் இருந்தார்கள்.

பெரியவளுக்கு வழக்கமான வார்த்தைகள் எல்லாம் நாக்கில் தயாராக இருந்தன. சரி சரி, அப்புறம் பேசலாம். முதல்ல முகம் கழுவு. ஏதாவது சாப்பிடு. எல்லாம் நல்ல வார்த்தைகள். ஆறுதலானவை. அவற்றில் எதைச் சொன்னாலும் தங்கை தலையாட்டிவிட்டுக் கிளம்பிவிடுவாள். இனி ஒருநாளும் சொல்லமாட்டாள்.

பின்கட்டில் அவர் ஆணி அடிக்கத் தொடங்கினார்.

பெரியவள் தங்கையின் எதிரே போய் நிற்கவில்லை. பக்கத்தில், கொஞ்சம் இடம் விட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

"அந்த வீட்ல என்னடி நடக்குது?" என்றாள்.

கேட்டுவிட்டு, வேறெதுவும் சொல்லாமல் காத்திருந்தாள்.

சின்னவள் நிமிர்ந்தாள். சுவரைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்தாள்.

"கதவைச் சாத்திட்டு வாக்கா" என்றாள். "மாமாவுக்குக் கேட்டா, அவர் இப்பவே சுத்தியலோட கிளம்பிடுவார்."